யோசிக்கும் இயந்திரமும் போத்தனூர் அம்மாளின் மகனும்



விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் வண்டியைப் பிடித்து, சேலத்தில் மாறி, ஈரோடு, திருப்பூர் என்று போய்க்கொண்டே இருந்தால் கோயம்புத்தூரை ஒட்டிப் போத்தனூர் என்று ஒரு ஸ்டேஷன் வரும். பழைய மெட்ராஸ் ரயில்வே காலத்து ஜங்ஷன். 1881 நவம்பர் 18 அன்று அந்த ஊரில் ஒரு ரயில்வே என்ஜினீயர் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஈதெல் சாரா ஸ்டோனி. அந்த அம்மாளுடைய இரண்டாவது பிள்ளைதான் ஆலன் டூரிங். இன்றைக்குப் பேப்பரைத் திறந்தாலும் செல்போனைத் திறந்தாலும் ஏ.ஐ., ஏ.ஐ. என்று காதைத் துளைக்கிறார்களே, அதற்கு அந்தப் பெயரே வைக்கப்படாத காலத்தில், அதற்கான கேள்வியை எழுதி வைத்துவிட்டுப் போன மேதை அவர்.

இந்த மலரில் அவரை ஏன் எழுத வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் மனித குலம் நாளைக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றியும் ஒரு ஆவணப்படம் பார்த்தோம். ரோபோ நடக்கிறது, டிரைவர் இல்லாமல் கார் ஓடுகிறது, பெரிய பெரிய ஆட்கள் வந்து பயமுறுத்துகிறார்கள். நடுவில் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. பத்து செகண்ட்கூட இருக்காது, வந்து போய்விட்டது. படம் முடிந்ததும் எல்லோரும் நமக்கெல்லாம் வேலை இருக்குமா இருக்காதா என்று பேசிக்கொண்டே கிளம்பிட்டாங்க. எனக்கு மட்டும் அந்த போட்டோவில் இருந்த ஆள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. படித்ததையும் கேட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் தாத்தாவைச் சொல்ல வேண்டும். எட்வர்ட் வாலர் ஸ்டோனி, அயர்லாந்து வழி வந்தவர். நம் மதராஸ் ராஜதானியில் ரயில் பாதையும் பாலமும் கட்டி, கடைசியில் தலைமை என்ஜினீயர் ஆனவர். துங்கபத்ரா ஆற்றுப் பாலம் அவர் கட்டியது. அந்தக் காலத்தில் துரைமார் வீட்டில் மேலே தொங்கும் பங்காவை வெளியே உட்கார்ந்து ஒரு ஆள் கயிறு பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பான். கயிறு ஓடும் சக்கரம் கீச்சு கீச்சென்று கத்தும். அது சத்தம் போடாமல் ஓட ஒரு சக்கரம் கண்டுபிடித்து அதற்கு பேடன்ட்டும் வாங்கியவர் இந்தத் தாத்தா. சக்கரம் சத்தம் போடாமல் ஆகிவிட்டது, இழுக்கிறவன் மட்டும் அப்படியேதான் இருந்தான் என்பது என் மனசில் பட்டது.

அப்பா ஜூலியஸ் டூரிங், ஐ.சி.எஸ். அதிகாரி. அந்தப் பரீட்சைக்காக இந்தியச் சட்டத்தோடு தமிழும் படித்து, 1896 டிசம்பரில் மதராஸ் ராஜதானியில் வேலைக்குச் சேர்ந்தவர். ஜூலியஸும் ஈதெல் சாராவும் இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பலில் சந்தித்து 1907-இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். மூத்தவன் ஜான் 1908-இல் நம் குன்னூரில் பிறந்தான். இளையவன் ஆலன் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தான். அப்பாவுக்கு இங்கே உத்தியோகம். வெயிலும் காய்ச்சலும் பிள்ளைகளுக்கு ஆகாது என்று இரண்டு பேரையும் இங்கிலாந்தில் ஒரு ரிட்டயர்டு கர்னல் வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ஒரு வயது சுமாருக்கு அம்மாவும் கப்பல் ஏறிவிட்டாள். நம்மில் பல பேர் ஆறாவதிலேயே ஹாஸ்டலுக்கு வந்தவர்கள். இந்தப் பிள்ளை நடை பழகும்போதே அப்படி.

பள்ளிக்கூடத்தில் ஆலன் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கவில்லை. கையெழுத்து கோழி கிளறின மாதிரி. கணக்குக்கு விடை சரியாக இருக்கும், வழி எழுத மாட்டான். லத்தீன், இலக்கியம் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டான். ஷெர்போர்ன் என்ற ஊரில் பெரிய பள்ளியில் 1926-இல் சேர்க்கப்போன அன்று நாடு முழுவதும் வேலைநிறுத்தம், ரயில் இல்லை. பதின்மூன்று வயசுப் பையன் துறைமுகத்தில் இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு, வழியில் ஒரு ராத்திரி தங்கி, 60 மைல் மிதித்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தான். நம் ஊரிலிருந்து சிதம்பரம் போய்த் திரும்புவதைவிட அதிகம்!

அங்கே அவனுக்கு ஒரு சிநேகிதன் கிடைத்தான். கிறிஸ்டோபர் மார்கம், ஒரு வகுப்பு மேலே. இரண்டு பேருக்கும் கணக்கும் வானசாஸ்திரமும் உயிர். 1930 பிப்ரவரி 13 அன்று காசநோயில் அந்தப் பையன் இறந்துபோனான். ஆலனுக்கு அப்போது 17 வயசு. உடம்பு போய்விட்டது, அந்த மூளை, அந்த யோசனை எங்கே போச்சு? யோசனை என்பது உடம்புக்குள்ளே கட்டுண்டதா, வேறு எதிலாவது குடியிருக்க முடியுமா? சிநேகிதனுடைய அம்மாவுக்கு இதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தான். பின்னால் அவர் எழுப்பின கேள்விக்கு வேர் இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். விஞ்ஞானம் எல்லாம் லேபில்தான் பிறக்கிறது என்று நினைத்திருந்தேன். துக்கத்திலும் பிறக்கும் போல.

1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. 22 வயசிலேயே அங்கே ஃபெலோ. 1936-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், நம் பாடத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் மிஷின் கிடையாது நண்பர்களே, மனுஷன்! மேஜையில் உட்கார்ந்து பேப்பரும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போடுகிற உத்தியோகத்துக்குத்தான் அந்தப் பெயர். பெண்கள் நிறையப் பேர் அந்த வேலையில் இருந்தார்கள். டூரிங் அந்தக் குமாஸ்தாவைக் கூர்ந்து பார்த்தார். அவர் என்ன செய்கிறார்? ஒரு கட்டத்தில் இருக்கும் எழுத்தைப் பார்க்கிறார். தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று மனசில் வைத்திருக்கிறார். விதிப்படி ஒன்றை அழித்து ஒன்றை எழுதுகிறார், அடுத்த கட்டத்துக்கு நகர்கிறார். அவ்வளவுதான். அப்படியானால் ஒரு நீள நாடாவும், அதைப் படித்து எழுதும் ஒரு முனையும், விதிகள் எழுதின ஒரு அட்டவணையும் இருந்தால் இதே வேலையை இயந்திரம் செய்யுமே!

நம் சூளையில் ஃபயரிங் ஷெட்யூல் என்று ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள் இல்லீங்களா. இத்தனை டிகிரி வரை இந்த வேகம், 573 டிகிரி பக்கம் வரும்போது குவார்ட்ஸ் மாறும், பண்டம் வெடிக்கும், அங்கே மெதுவாகப் போ, மேலே போய் இத்தனை நேரம் நிறுத்து. டெம்பரேச்சரைப் பார், எந்தக் கட்டத்தில் இருக்கிறாய் என்று பார், அட்டவணை சொல்வதைச் செய். டூரிங் சொன்ன இயந்திரமும் இந்த ஜாதிதான். அவர் அதோடு விடவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு இயந்திரம் வேண்டாம், அட்டவணையையே நாடாவில் எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரே இயந்திரம் எல்லா வேலையும் செய்யும் என்று காட்டினார். ஒரே கன்ட்ரோலரில் இன்றைக்கு இன்சுலேட்டருக்கான புரோகிராம், நாளைக்கு கப் சாசருக்கான புரோகிராம் போடுகிறோமே, அதுமாதிரி. நம் பாக்கெட்டில் இருக்கும் செல்போன் ஒரு நேரம் கேமரா, ஒரு நேரம் கால்குலேட்டர், ஒரு நேரம் சினிமா கொட்டகை என்று ஆவதெல்லாம் இந்த ஒரு யோசனையின் பேரன் பேத்திகள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரையின் நோக்கம் இயந்திரம் எதையெல்லாம் செய்யும் என்று காட்டுவது அல்ல. எதைச் செய்ய முடியாது என்று நிரூபிப்பது! எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் அது நிரூபிக்கக்கூடியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பொதுவான வழி ஒன்று உண்டா என்று ஹில்பர்ட் என்ற ஜெர்மன் கணித மேதை கேட்டிருந்தார். அப்படி ஒரு வழி கிடையாது என்று டூரிங் நிரூபித்தார். கம்ப்யூட்டர் ஒன்றுகூடப் பிறக்காத காலத்தில் அதற்கு எல்லைக்கல் நட்டவர் அவர். அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் என்பவரும் வேறு வழியில் இதையே கண்டுபிடித்திருந்தார். அவரிடமே பிரின்ஸ்டன் போய் 1938-இல் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பினார்.

1939 செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. அந்த மாதம் 4-ஆம் தேதியே பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் டூரிங் ஆஜர். ஜெர்மன்காரர்கள் எனிக்மா என்ற இயந்திரத்தில் சங்கேதமாகச் செய்தி அனுப்பினார்கள். அதை அமைக்கக்கூடிய விதங்களை எண்ணினால் 21 இலக்கத்தில் ஒரு எண் வரும். தினமும் ராத்திரி அமைப்பு மாறிவிடும். இதை முதலில் உடைத்தவர்கள் போலந்துக்காரர்கள், ரெயெவ்ஸ்கி என்ற கணிதக்காரரும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும். போருக்குச் சில வாரம் முன்பு தங்கள் ரகசியத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்தார்கள். சினிமாவில் அவர்களைச் சரியாகக் காட்டுவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த அஸ்திவாரத்தின் மேல் டூரிங் புதிதாக ஒரு இயந்திரத்தை வடிவமைத்தார், கோர்டன் வெல்ச்மன் அதை மேம்படுத்தினார். பாம்ப் என்று பெயர். முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் வந்தது, போர் முடிவதற்குள் 200-க்கு மேல் ஓடின. இரவும் பகலும் அவற்றை ஓட்டியவர்கள் கடற்படையைச் சேர்ந்த இளம்பெண்கள்.

கடற்படை எனிக்மாதான் கடினம். யாரும் தொடாமல் இருந்ததால் டூரிங் அதை எடுத்துக்கொண்டார். அட்லாண்டிக் கடலில் சாப்பாட்டுக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் வரிசையாக முழுகடித்துக்கொண்டிருந்த நேரம். 1941-இல் ஆள் பற்றாக்குறை என்று மேலதிகாரிகளை எல்லாம் தாண்டி நான்கு பேராகச் சேர்ந்து பிரதமர் சர்ச்சிலுக்கே நேராகக் கடிதம் கொடுத்தார்கள். உடனே எல்லாம் வந்துவிட்டது. நாமும் சங்கத்தில் மனு எழுதுகிறோம், ஹூம்.

ஆள் விசித்திரமானவர். மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மல் வரும் என்று விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். சைக்கிள் செயின் குறிப்பிட்ட சுற்றுக்கு ஒருமுறை கழன்று விழும். அதை ரிப்பேர் செய்யாமல், சுற்றுகளை எண்ணிக்கொண்டே மிதித்து, விழப்போகும் நேரத்தில் சரிசெய்துகொள்வார். டீ குடிக்கிற மக்கை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சங்கிலி போட்டு ரேடியேட்டரில் பூட்டி வைத்திருந்தார். மக் செய்யப் படிக்கிற நமக்கு இது பெருமையான விஷயம்தான்!

அங்கே ஜோன் கிளார்க் என்று ஒரு கணித மேதை. பெண்களுக்கு அந்தத் துறையில் பதவியே இல்லாததால், சம்பளம் கூட்டிக் கொடுக்க அவரை மொழி வல்லுநர் என்று பதிவேட்டில் எழுதினார்கள். அவருக்கு வேற்று மொழி எதுவும் தெரியாது! 1941-இல் டூரிங்குக்கும் ஜோனுக்கும் நிச்சயதார்த்தம் ஆயிற்று. தனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்பதை டூரிங் அவரிடம் மறைக்காமல் சொன்னார். ஜோன் அதற்காக விலகவில்லை. இது சரிப்படாது என்று டூரிங்தான் பிறகு முறித்துக்கொண்டார். நட்பு கடைசிவரை இருந்தது.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் டிப்ளமோ படிக்கிறவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. டாமி ஃபிளவர்ஸ். லண்டனில் செங்கல் அடுக்கும் கொத்தனாரின் மகன். ஆயுதத் தொழிற்சாலையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்து, சாயங்கால வகுப்பில் எலக்ட்ரிக்கல் படித்து, தபால் துறையில் டெலிபோன் என்ஜினீயர் ஆனவர். அவரை பிளெட்ச்லிக்குச் சிபாரிசு செய்தவர் டூரிங். ஹிட்லரின் தலைமையகச் செய்திகள் எனிக்மாவில் போகவில்லை, லாரன்ஸ் என்ற வேறு இயந்திரத்தில் போயின. அதை உடைக்க ஆயிரக்கணக்கில் வால்வு போட்டு ஒரு இயந்திரம் செய்யலாம் என்றார் ஃபிளவர்ஸ். அத்தனை வால்வு தாங்காது, நிமிஷத்துக்கு ஒன்று எரிந்துபோகும் என்று படித்தவர்கள் தலையாட்டவில்லை. ஃபிளவர்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கண்ணால் பார்த்தவர். வால்வு கெடுவது பெரும்பாலும் ஸ்விட்சைப் போட்டு அணைக்கும்போதுதான், அணைக்காமல் விட்டால் வருஷக்கணக்கில் ஓடும் என்று அவருக்குத் தெரியும். சூளையைச் சூடு ஆற விடாமல் ஓட்டினால் செங்கல் சுவர் நிலைக்கும், அடிக்கடி ஆற்றிச் சூடேற்றினால் விரிசல் விடும் என்பது நமக்குத் தெரியும் இல்லையா, அதே சங்கதி. 1944 தொடக்கத்தில் சுமார் 1,600 வால்வுகளோடு கொலாசஸ் ஓடியது. புரோகிராம் போடக்கூடிய முதல் பெரிய எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர் என்று இன்றைக்கு அதைத்தான் சொல்கிறார்கள். போர் முடிந்ததும் எல்லாம் ரகசியம், வாயைத் திறக்கக்கூடாது. சொந்தக் காசு போட்டு வேலை பார்த்த ஃபிளவர்ஸுக்கு 1,000 பவுண்டு கொடுத்தார்கள், அது அவர் போட்ட காசுக்கே காணவில்லை. ஊர் உலகத்துக்கு இவர்கள் செய்தது 1970-களில்தான் தெரிய வந்தது.

போருக்குப் பிறகு டூரிங் லண்டன் பக்கம் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஏஸ் என்ற கம்ப்யூட்டருக்கு முழுத் திட்டம் எழுதினார். ஆபீஸ் தாமதத்தில் அலுத்து 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் போய்விட்டார். இடையில் ஓட்டம் வேறு. 1947-இல் மாரத்தானை 2 மணி 46 நிமிஷத்தில் ஓடினார். கணக்கு வாத்தியார் என்றால் நோஞ்சான் என்று நினைக்கிறவர்கள் கவனிக்க.

அதே 1947 பிப்ரவரியில் லண்டனில் கணித அறிஞர்கள் முன் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதில் ஒரு இடம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இந்த இயந்திரங்கள் வந்தால் வேலை போவது கீழ்மட்டத்து ஆட்களுக்கு மட்டும் அல்ல என்றார். பெரிய நிபுணர்களின் வித்தையும், ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்வது ஆகிவிட்டால், அதையும் அட்டவணையாக எழுதி இயந்திரத்துக்குக் கொடுத்துவிடலாம். அப்போது நிபுணர்கள் தங்கள் வேலையைப் புரியாத பாஷையில் போர்த்தி மர்மமாக்கிக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள் என்று எச்சரித்தார். 1947-இல்!

என் அப்பா ஐந்தாவது வரை படித்தவர். இருபத்திரண்டு வருஷமாக நம் ஊரில் சூளை எரிக்கிறார். பார்க்கும் துளை வழியே தீயின் நிறத்தைப் பார்த்தே இத்தனை டிகிரி என்று சொல்வார், பைரோமெட்ரிக் கோன் சாய்வது அப்புறம்தான். அவர் வேலை பார்த்த ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், ஆட்டோமேடிக் கன்ட்ரோலர் மாட்டினார்கள். ராத்திரி ஷிப்டுக்கு மூன்று பேர் இருந்த இடத்தில் ஒருவர் போதும் என்று ஆயிற்று. அப்பா வேறு இடம் மாறினார். அந்த இயந்திரத்துக்கு என்ன தெரியும் என்று அவர் சலித்துக்கொள்வார். தெர்மோகப்பிள் சுவரோரம் இருக்கிறது, நடுவில் நெருக்கி அடுக்கின பண்டம் இன்னும் சூடு ஏறியிருக்காது, அது இதுக்குத் தெரியுமா என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் நடுவில் இன்னொரு தெர்மோகப்பிள் வைத்தால் தெரிந்துவிடும் என்று எனக்குள் ஒரு குரல் சொல்கிறது. அப்பாவின் வித்தையை அட்டவணை ஆக்கத்தான் நான் இங்கே படிக்கிறேனா என்று சில நாள் ராத்திரி தோன்றும். வீட்டில் இதைச் சொன்னதில்லை.

இப்போது அந்தப் பிரசித்தி பெற்ற கேள்விக்கு வருவோம். 1950 அக்டோபரில் மைண்ட் என்ற தத்துவப் பத்திரிகையில், இயந்திரம் யோசிக்குமா என்று எடுத்துக்கொண்டு எழுதினார் டூரிங். யோசிப்பது என்றால் என்ன என்று விளக்கம் சொல்லப் போனால் விடியாது என்று ஒரு விளையாட்டை வைத்தார். ஒரு அறையில் நீதிபதி. இன்னொரு பக்கம் ஒரு மனுஷன், ஒரு இயந்திரம். நீதிபதி எழுதிக் கேட்கிறார், இரண்டு பேரும் டைப் அடித்துப் பதில் தருகிறார்கள். முகம் தெரியாது, குரல் கேட்காது. எது இயந்திரம் என்று நீதிபதியால் நிச்சயமாகச் சொல்ல முடியாவிட்டால், அது யோசிக்கவில்லை என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

இதைப் படித்ததும் நம் சார்ட்டிங் டேபிள்தான் ஞாபகம் வந்தது. சூளையிலிருந்து வந்த கப்பை விரலால் ஒரு சுண்டு சுண்டுவார்கள். டங் என்று மணி மாதிரி ஒலித்தால் நல்ல பண்டம், டொக் என்றால் உள்ளே கீறல். உடைத்துப் பார்த்தா சொல்கிறோம்? எந்தக் களிமண், யார் வார்த்தது என்றா கேட்கிறோம்? டூரிங் மூளையைச் சுண்டிப் பார்க்கச் சொன்னார். உள்ளே நரம்பு இருக்கிறதா வால்வு இருக்கிறதா என்று பார்க்காதே, பதிலைப் பார்.

எதிர்ப்பு வரும் என்று தெரிந்து, ஒவ்வொன்றையும் தானே எடுத்துப் பதிலும் எழுதினார். ஆன்மா மனுஷனுக்கு மட்டும்தானே, இயந்திரத்துக்குச் சந்தோஷம் துக்கம் உண்டா, சொன்னதைத் தவிர வேறு செய்யுமா என்று எல்லாம். பெரியவர் மூளையை அப்படியே செய்வதைவிட ஒரு குழந்தை மூளை மாதிரி செய்து, பள்ளிக்கூடம் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பது சுலபம் என்றும் யோசனை சொன்னார். இன்றைய ஏ.ஐ. கிட்டத்தட்ட அந்த வழியில்தான் வந்தது. விதியை எழுதிக் கொடுக்காமல், கோடிக்கணக்கான உதாரணத்தைக் காட்டிப் பழக்குகிறார்கள். ஐம்பது வருஷத்தில், ஐந்து நிமிஷப் பேச்சில், பத்தில் மூன்று முறையாவது இயந்திரம் நீதிபதியை ஏமாற்றும் என்று கணித்திருந்தார். கணக்கு கொஞ்சம் தள்ளிப்போனது. 2025-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் ஐந்து நிமிஷச் சோதனை வைத்தபோது, ஜி.பி.டி. 4.5 என்ற ஏ.ஐ.யை நூற்றுக்கு 73 முறை மனுஷன் என்று சொல்லிவிட்டார்கள். எதிரே இருந்த நிஜ மனுஷனைவிட அதிகம்!

இதில் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. டங் என்று ஒலித்த கப்பெல்லாம் நல்ல கப் என்று நாம் அனுப்புவதில்லை. தண்ணீர் உறிஞ்சுகிறதா என்றும் பார்க்கிறோம், சூட்டில் போட்டுப் பச்சைத் தண்ணீரில் முக்கியும் பார்க்கிறோம். ஐந்து நிமிஷம் பேச்சில் ஜெயித்ததை வைத்து ஒரு வேலையை அதன் கையில் ஒப்படைக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு டூரிங் பதில் சொல்லவில்லை, சொல்ல வந்ததும் அது அல்ல.

அவருடைய கணினி வசதியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. செஸ் ஆடும் புரோகிராம் எழுதினார், ஓட்டப் போதுமான மிஷின் இல்லை. 1952-இல் தானே மிஷினாக உட்கார்ந்து, தாளில் இருக்கும் விதிப்படி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அரைமணி நேரம் கணக்குப் போட்டு ஒரு நண்பரோடு ஆடினார். அந்தத் தாள் இயந்திரம் 29 நகர்த்தலில் தோற்றது. அதே வருஷம் சிறுத்தைக்குப் புள்ளியும் வரிக்குதிரைக்குக் கோடும் எப்படி உண்டாகிறது என்பதற்கு ரசாயனக் கணக்கு ஒன்றும் வெளியிட்டார். உயிரியல்காரர்கள் இன்றும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் 1952 அவருக்குக் கெட்ட வருஷம். வீட்டில் திருட்டுப் போனது என்று போலீசில் சொல்லப் போனார். விசாரித்ததில் ஒரு இளைஞனோடு அவருக்கு இருந்த உறவு வெளியே வந்தது. அவரும் மறைக்கவில்லை. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி அது குற்றம். திருட்டுக் கொடுத்தவரையே கூண்டில் நிறுத்தினார்கள். மார்ச் 31 அன்று தீர்ப்பு. ஜெயிலா, ஹார்மோன் மருந்தா என்று வந்தபோது மருந்துக்கு ஒத்துக்கொண்டார். ஒரு வருஷம் பெண் ஹார்மோன் கொடுத்து அவர் உடம்பையே மாற்றினார்கள். ரகசிய வேலைக்கான அனுமதியும் பறிபோனது. போரில் அவர் செய்ததை வாய் திறந்து சொல்லித் தற்காத்துக்கொள்ளவும் வழியில்லை, அது அரசாங்க ரகசியம்! உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காதே, செய்ததைப் பார் என்று ஒரு இயந்திரத்துக்காக வாதாடின மனிதர் அவர். அவருக்கு அந்த நியாயத்தைக் கொடுக்க ஆள் இல்லை.

நம் நாட்டிலும் அதே வெள்ளைக்காரன் எழுதின 377-ஆவது பிரிவு இருந்தது. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் வயது வந்தவர்களின் சம்மத உறவு குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. நம்மோடு படிக்கிறவர்களிலும் இப்படி இருப்பவர்கள் இருக்கலாம். விடுதியில் கேலி பேசுவதற்கு முன் இந்தக் கதையை ஒருமுறை நினைத்தால் நல்லது.

1954 ஜூன் 7 அன்று டூரிங் தம் வீட்டில் இறந்தார். மறுநாள்தான் வேலைக்கார அம்மாள் பார்த்தார். சயனைடு விஷம். பக்கத்தில் பாதி கடித்த ஒரு ஆப்பிள் கிடந்தது, அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தற்கொலை என்று விசாரணையில் தீர்மானித்தார்கள். வயது 41. ஆப்பிள் கம்பெனியின் சின்னம் இதிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் வரும், அது உண்மை இல்லை, அதை வரைந்தவரே மறுத்திருக்கிறார்.

போத்தனூரில் பிறந்த அந்த அம்மாள் தற்கொலை என்பதை ஏற்கவேயில்லை. மகன் வீட்டில் சின்ன லேப் வைத்து, சயனைடு கரைசலில் கரண்டிக்குத் தங்க முலாம் பூசிப் பழகிக்கொண்டிருந்தான், கையைச் சரியாகக் கழுவ மாட்டான், விபத்துதான் என்று கடைசிவரை சொன்னார். எழுபது வயசுக்கு மேல் உட்கார்ந்து, ஒரு கத்தை காகிதம் சேர்த்து, மகனுடைய வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதி 1959-இல் வெளியிட்டார். போரில் அவன் என்ன செய்தான் என்பது ரகசியமாக இருந்ததால் அந்தப் பகுதியை அவரால் எழுத முடியவில்லை. மகன் என்ன படித்தான் என்பதே அந்த அம்மாளுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. என் அம்மாவும் நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் பீஸ் கட்டை செய்யிற படிப்பு என்றுதான் சொல்லும்.

கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்று சொல்லும் பரிசுக்கு 1966 முதல் டூரிங் பெயர். 1994-இல் அதைப் பெற்ற இருவரில் ஒருவர் ராஜ் ரெட்டி. சித்தூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து, நம் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். செயற்கை நுண்ணறிவுக்காகத்தான் அவருக்குக் கொடுத்தார்கள். 2009 செப்டம்பரில் பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரவுன் டூரிங்குக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். 2013 டிசம்பரில் ராணியின் பெயரால் மன்னிப்பு வழங்கப்பட்டது. யாரை யார் மன்னிப்பது என்று கேட்டவர்களும் உண்டு.

2021 ஜூன் 23 அன்று, அவருடைய பிறந்த நாளில், அவர் படம் போட்ட 50 பவுண்டு நோட்டு வெளிவந்தது. அதில் நாடா மாதிரி ஒன்று வரைந்து அதன்மேல் ஒன்றும் சைபருமாக எழுதியிருக்கிறார்கள். அது அவர் பிறந்த தேதி. 23061912 என்று எழுதி, இரண்டால் வகுத்து வகுத்து மீதியைக் கீழிருந்து மேலே படித்துப் பாருங்க. 25 இலக்கம் வர வேண்டும், 10101 என்று தொடங்கி மூன்று சைபரில் முடியும்.